சுட்டு முடிச்ச தோட்டாவின் காலி உறை: ஒவ்வொன்றாக எண்ணுவது ஏன்? எடைக்குப் போட்டால் என்ன சிக்கல்?

தேனி அல்லிநகரத்தில் உடைந்த குத்துவிளக்கு, ஓட்டை விழுந்த குடம், பழைய தண்ணீர்க் குழாய் என்று எந்தப் பித்தளைச் சாமானைக் கொண்டுபோனாலும் பழைய இரும்புக் கடையில் எடை போட்டு காசு கொடுத்துவிடுவார்கள். இரும்பைவிட பித்தளைக்கு விலை பல மடங்கு அதிகம். ஆனால் அதே பித்தளையில் செய்த ஒரு சின்னப் பொருளைத் தராசில் வைத்தால் கடைக்காரரே பதறிப்போய்க் கையை எடுத்துவிடுவார். அதுதான் துப்பாக்கித் தோட்டாவின் காலி உறை.

சுட்டாச்சு, குண்டு போயாச்சு, மருந்தும் எரிஞ்சாச்சு. மிச்சம் இருப்பது விரல் நீளத்துக்கு ஒரு பித்தளைக் குழாய். அதில் அப்படி என்ன இருக்கு? போலீஸும் ராணுவமும் பயிற்சி முடிந்ததும் புல்லுக்குள் குனிந்து அதை ஒவ்வொன்றாகப் பொறுக்கி, எண்ணி, ஆயுதக் கிடங்கில் ஒப்படைப்பது ஏன்? அமெரிக்காவில் கடையில் மூட்டை மூட்டையாக விற்கும் பொருள் இந்தியாவில் ஏன் வழக்கு வரை போகிறது? விரிவாகப் பார்க்கலாம்.

ஒரு தோட்டாவில் என்னென்ன இருக்கு?

தோட்டா என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது கூர்மையான முனை மட்டும்தான். உண்மையில் ஒரு தோட்டாவில் 4 பாகங்கள் இருக்கின்றன. முன்னால் இருப்பது குண்டு. அதைத் தள்ளும் வெடிமருந்து நடுவில். அந்த மருந்தைப் பற்ற வைக்கும் சின்னத் தொப்பி போன்ற 'ப்ரைமர்' அடியில். இந்த மூன்றையும் சேர்த்துப் பிடித்திருப்பதுதான் பித்தளை உறை.

விசையை இழுத்ததும் துப்பாக்கியின் ஊசி ப்ரைமரில் அடிக்கிறது. தீப்பொறி பறந்து மருந்து எரிகிறது. அதில் உண்டாகும் வாயு குண்டை முன்னால் தள்ளுகிறது. ராணுவ ரைஃபிளில் அந்த நொடியில் ஏற்படும் அழுத்தம் 50,000 பிஎஸ்ஐ அளவுக்குப் போகும். காரின் டயரில் நாம் பிடிக்கும் காற்று 30 முதல் 35 பிஎஸ்ஐ. வித்தியாசத்தை நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

இந்த அழுத்தத்தில் பித்தளை உறை விரிந்து துப்பாக்கி அறையின் சுவரோடு ஒட்டிக்கொள்கிறது. அதனால் வாயு பின்பக்கம் கசிந்து சுடுபவரின் முகத்தில் அடிக்காது. அழுத்தம் குறைந்ததும் உறை லேசாகச் சுருங்கும், எளிதாக வெளியே வந்து விழும். விரியவும் வேண்டும், உடையவும் கூடாது, திரும்பச் சுருங்கவும் வேண்டும். இதற்குப் பொருத்தமானது 70 சதவீதம் செம்பும் 30 சதவீதம் துத்தநாகமும் கலந்த பித்தளை. உலோகத் துறையில் இதற்குப் பெயரே 'கார்ட்ரிட்ஜ் பித்தளை'தான்.

7.62×51 என்றால் என்ன அர்த்தம்?

செய்திகளில் அடிக்கடி வரும் எண்கள்தான் இவை. முதல் எண், குண்டின் குறுக்களவைக் குறிப்பது. இரண்டாவது எண் உறையின் நீளம். இரண்டுமே மில்லிமீட்டரில். இந்திய ராணுவமும் போலீஸும் பல ஆண்டுகள் பயன்படுத்திய எஸ்எல்ஆர் ரைஃபிளின் தோட்டா 7.62×51. இன்சாஸ் ரைஃபிளுக்கு 5.56×45. ஏகே-47 ரகத்துக்கு 7.62×39. இதற்கெல்லாம் முன்னோடி பிரிட்டிஷ் காலத்து .303. உத்தரப் பிரதேச போலீஸ் 2020-ல்தான் .303 ரைஃபிளுக்கு விடை கொடுத்தது.

எஸ்எல்ஆர் தோட்டாவின் காலி உறை ஒன்று ஏறத்தாழ 12 கிராம் இருக்கும். அப்படியென்றால் ஒரு கிலோவுக்கு 80-க்கும் மேல். இன்சாஸ் உறை அதில் ஏறத்தாழ பாதி எடைதான். எடைக்குப் போட்டால் ஒரு உறைக்குக் கிடைப்பது சில ரூபாய். அந்தச் சில ரூபாய்க்காகத்தான் ஆட்கள் உயிரையும் பணயம் வைக்கிறார்கள்.

மழைக்காலத்தில் விரிசல்விட்ட தோட்டாக்கள்

பித்தளை உறைக்கும் இந்தியாவுக்கும் ஒரு பழைய தொடர்பு இருக்கிறது. பிரிட்டிஷ் ஆட்சிக் காலத்தில் இங்கிருந்த படைகளின் தோட்டாக்கள் மழைக்காலம் வந்தால் தானாகவே விரிசல்விட்டன. யாரும் சுடவில்லை, கீழே போடவில்லை, ஆனாலும் உறை பிளந்தது. மழைப் பருவத்தில் நடந்ததால் இதற்கு 'பருவ விரிசல்' என்றே பெயர் வைத்தார்கள்.

காரணம் 1921-ல் விளக்கப்பட்டது. தோட்டாக்களைக் குதிரை லாயங்களில் சேமித்து வைத்திருந்தார்கள். குதிரையின் சிறுநீரிலிருந்து கிளம்பிய அம்மோனியா வாயு, மழைக்கால ஈரத்தோடு சேர்ந்து பித்தளையை அரித்தது. உறையைத் தயாரிக்கும்போது அழுத்தி இழுத்து உருவாக்குவதால் உலோகத்துக்குள் ஒரு இறுக்கம் தங்கிவிடுகிறது. இறுக்கம் உள்ள இடத்தில் அம்மோனியா பட்டதும் அது பிளந்துவிடுகிறது.

தீர்வு ரொம்ப எளிமையானது. உறையின் கழுத்துப் பகுதியை லேசாகச் சூடாக்கி ஆறவிட்டால் அந்த இறுக்கம் தளர்ந்துவிடும். ராணுவத் தோட்டா உறைகளின் கழுத்தில் இன்றைக்கும் நீலமும் பழுப்புமாக ஒரு கறை தெரியும். அது அழுக்கு அல்ல, அந்தச் சூட்டின் அடையாளம்.

அமெரிக்காவில் காலி உறைக்கு ஏன் இவ்வளவு மவுசு?

அமெரிக்காவில் 'ரீலோடிங்' என்பது சட்டப்படி அனுமதிக்கப்பட்ட பொழுதுபோக்கு. சுட்ட உறையைச் சுத்தம் செய்து, புது ப்ரைமர், புது மருந்து, புது குண்டு வைத்துத் திரும்பத் தோட்டாவாக்குவார்கள். ஒரு தோட்டாவில் விலை அதிகமான பாகம் உறைதான் என்பதால், அதையே திரும்பப் பயன்படுத்தினால் செலவு குறையும். ராணுவம் பயிற்சியில் சுட்டுத் தள்ளிய உறைகள் மலிவாகக் கிடைப்பதால் அதற்கென்று ஒரு தனிச் சந்தையே உண்டு.

2009 மார்ச்சில் இந்தச் சந்தையில் ஒரு பெரிய பரபரப்பு. ராணுவத்தின் காலி உறைகளை இனி நசுக்கிச் சிதைத்த பிறகே விற்க வேண்டும் என்று அமெரிக்கப் பாதுகாப்புத் துறை தரப்பில் உத்தரவு வந்தது. சிதைத்துவிட்டால் அது வெறும் உலோகக் கழிவு. தோட்டா தயாரிக்கும் சிறு நிறுவனங்களும் துப்பாக்கி ஆர்வலர்களும் கொந்தளித்தார்கள். மொன்டானா மாநிலத்தைச் சேர்ந்த 2 செனட்டர்கள் தலையிட்டார்கள். சில நாட்களிலேயே உத்தரவு திரும்பப் பெறப்பட்டது.

அங்கே நடந்த விவாதம் 'சிதைக்கலாமா, முழுசாக விற்கலாமா' என்பதுதான். இந்தியாவில் அந்தக் கேள்விக்கே இடமில்லை.

ராணுவ உறையைத் திரும்பப் பயன்படுத்துவதில் என்ன ஆபத்து?

சட்டம் அனுமதிக்கும் நாடுகளிலேயே ராணுவ உறை என்றால் கூடுதல் கவனம் தேவை என்கிறார்கள். அதற்குச் சில காரணங்கள் இருக்கின்றன.

முதலாவது, சுவரின் தடிமன். ராணுவ உறையின் சுவர் பொதுவாகச் சாதாரண உறையைவிடத் தடிமனாக இருக்கும். வெளி அளவு ஒன்றுதான், ஆனால் உள்ளே இடம் குறைவு. அதே அளவு மருந்தைப் போட்டாலும் அழுத்தம் எகிறும். ஏற்கெனவே 50,000 பிஎஸ்ஐ-யில் வேலை செய்யும் பொருளில் இது விளையாட்டான விஷயம் அல்ல.

இரண்டாவது, ப்ரைமர். இதில் 2 ரகம் உண்டு: பாக்ஸர், பெர்டான். பாக்ஸர் என்பவர் பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி, பெர்டான் அமெரிக்கர். இருவருமே 1860-களில் தங்கள் ரகத்தைக் கண்டுபிடித்தார்கள். வேடிக்கை என்னவென்றால், அமெரிக்காவில் பிரிட்டிஷ்காரரின் பாக்ஸர் ரகமே நிலைத்தது. அமெரிக்கரின் பெர்டான் ரகத்தை உலகின் பல நாட்டு ராணுவங்கள் எடுத்துக்கொண்டன. பெர்டான் ரக உறையைத் திரும்பப் பயன்படுத்துவது சிரமம். போதாததற்கு, இயந்திரத் துப்பாக்கியில் சுடும்போது ப்ரைமர் கழன்றுவிடக் கூடாது என்பதற்காக ராணுவத் தோட்டாவில் அதைச் சுற்றி நெரித்தும் வைத்திருப்பார்கள்.

மூன்றாவது, கண்ணுக்குத் தெரியாத தேய்மானம். ஒவ்வொரு முறை சுடும்போதும் உறை கொஞ்சம் நீள்கிறது, அடிப்பகுதிக்கு மேலே சுவர் மெலிகிறது. எந்தத் துப்பாக்கியில், எத்தனை முறை சுட்டது என்பது உறையைப் பார்த்தால் தெரியாது. மெலிந்த உறை அடுத்த முறை துப்பாக்கிக்குள்ளேயே இரண்டாகப் பிய்ந்தால், வாயு பாய்வது சுடுபவரை நோக்கித்தான். பழைய தோட்டாக்களின் ப்ரைமரில் பாதரசக் கலவை இருந்தது. அது பித்தளையையே நொறுங்கும் தன்மைக்குக் கொண்டுவந்துவிடும்.

ஆக, அளவுகோலும் பரிசோதனையும் முறையான மருந்தும் உள்ள இடத்திலேயே இது ரிஸ்க். திருட்டுத்தனமாகக் குடிசையில் உட்கார்ந்து, கிடைத்த மருந்தை அள்ளிப் போட்டு அடைப்பவரின் கையும் கண்ணும் என்ன ஆகும்?

இந்தியச் சட்டம் என்ன சொல்கிறது?

1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டத்தில் 'வெடிபொருள் தளவாடம்' என்பதற்கான விளக்கத்தில் முழுத் தோட்டா மட்டுமில்லை, அதன் பாகங்களும், அதைத் தயாரிக்கும் இயந்திரமும் அடக்கம். அதாவது உறையையும் 'தோட்டாவின் பாகம்' என்று வழக்கில் கொண்டுவர முடியும்.

தோட்டா தயாரிக்க 5-ம் பிரிவின் கீழ் உரிமம் கட்டாயம். துப்பாக்கி வைத்திருக்க உரிமம் வாங்கியவர் என்பதால் தோட்டாவை வீட்டில் தயாரிக்க முடியாது. இரண்டும் வேறு வேறு உரிமம். உரிமம் இல்லாமல் தயாரித்தால், 2019-ல் கொண்டுவந்த திருத்தத்துக்குப் பிறகு குறைந்தபட்சம் 7 ஆண்டு, அதிகபட்சம் ஆயுள் சிறை. மருந்துக்கு வெடிபொருள் சட்டம் தனியாக வேறு இருக்கிறது. அதோடு, .303, 7.62 போன்ற ராணுவ, போலீஸ் ரகத் துப்பாக்கிகள் தடை செய்யப்பட்ட ரகத்தில் வருகின்றன. சாதாரண மக்களுக்கு இந்த ரகத்தில் உரிமம் கிடைக்காது.

அப்படியென்றால் நினைவுப் பொருளாக ஒரே ஒரு காலி உறையை வைத்திருந்தாலும் ஜெயிலா? இங்கே சட்டம் கொஞ்சம் மூச்சு விடுகிறது. அதே சட்டத்தின் 45-ம் பிரிவில் ஒரு விலக்கு உண்டு. மற்ற பாகங்களோடு சேர்த்துப் பயன்படுத்தும் நோக்கம் இல்லாமல் வைத்திருக்கும் சிறு பாகங்களுக்குச் சட்டம் பொருந்தாது. துப்பாக்கி இல்லாமல் ஒற்றைத் தோட்டாவோடு விமான நிலையத்தில் பிடிபட்டவரின் வழக்கை 2012-ல் டெல்லி உயர் நீதிமன்றம் இந்த அடிப்படையில்தான் ரத்து செய்தது. தன்னிடம் அந்தப் பொருள் இருப்பது தெரிந்தே ஒருவர் வைத்திருந்தாரா என்பதைப் பார்க்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1972-லேயே சொல்லியிருக்கிறது.

ஆனால் இந்த விலக்கு கிடைப்பது நீதிமன்றத்தில். அதற்கு முன்னால் எக்ஸ்ரே இயந்திரத்தில் பை சிக்கும், பயணம் நிற்கும், போலீஸ் நிலையம், வழக்கு, வக்கீல் ஃபீஸ் என்று போகும். மதுரை விமான நிலையம் வழியாகத் துபாய்க்கோ சிங்கப்பூருக்கோ வேலைக்குப் போகும் ஒரு தேனிப் பையனின் சாவிக்கொத்தில் அழகுக்காக ஒரு தோட்டா உறை தொங்கினால், கடைசியில் வழக்கில் ஜெயித்தாலும் விசா போனது போனதுதான்.

பக்கத்து மாநிலம் கற்றுக்கொடுத்த பாடம்

கணக்கு தவறினால் என்ன ஆகும் என்பதற்கு உதாரணம் தேட ரொம்ப தூரம் போக வேண்டாம். குமுளி தாண்டினால் கேரளா. 2020 பிப்ரவரியில் கேரள சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட சிஏஜி அறிக்கை ஒரு குண்டைத் தூக்கிப் போட்டது. திருவனந்தபுரம் சிறப்பு ஆயுதப்படை முகாமில் 25 இன்சாஸ் ரைஃபிள்களும் 12,061 தோட்டாக்களும் கணக்கில் குறைகின்றன என்றது அறிக்கை. குறையை மறைக்க 9 மி.மீ. ரகத்தில் 250 போலித் தோட்டாக்கள் வைக்கப்பட்டிருந்ததையும் அது சுட்டிக்காட்டியது.

ரைஃபிள்கள் வேறு முகாமில் பத்திரமாக இருப்பதாகக் கேரள போலீஸ் விளக்கம் கொடுத்தது. தோட்டாக் கணக்கு மட்டும் அவ்வளவு எளிதில் முடியவில்லை. விசாரணையில் இறங்கிய குற்றப்பிரிவு, காலி உறைகளை உருக்கிச் செய்ததாகச் சொல்லப்பட்ட போலீஸ் சின்னம் ஒன்றையும் அதே முகாமிலிருந்து கைப்பற்றியது.

இதில்தான் காலி உறையின் முக்கியத்துவம் இருக்கு. 100 தோட்டாவை வெளியே எடுத்தால், 100 காலி உறையோ அல்லது சுடாத தோட்டாவோ திரும்பி வர வேண்டும். 90 உறைதான் வந்தது என்றால் மீதி 10 எங்கே? புல்லில் தொலைந்ததா, இல்லை சுடாமலேயே வெளியே போனதா? உறையை எண்ணுவது பித்தளைக்காக இல்லை. சுட்டதாகச் சொன்ன தோட்டா உண்மையிலேயே சுடப்பட்டதா என்பதற்கு அந்த உறைதான் ரசீது. ரசீதையே உருக்கிவிட்டால் கணக்கை யார் சரிபார்ப்பது?

சட்டியில் வறுத்த தோட்டாக்கள்

அதே கேரளாவில் 2025 மார்ச்சில் இன்னொரு சம்பவம். எர்ணாகுளம் ஆயுதப்படை முகாமில், மரியாதை நிமித்தம் வானத்தை நோக்கிச் சுடப் பயன்படும் 'பிளாங்க்' தோட்டாக்களை எடுத்திருக்கிறார்கள். நாள்பட்டதில் பித்தளையில் களிம்பு ஏறியிருந்தது. வழக்கமாக வெயிலில் காயவைப்பார்களாம். அவசரத்துக்குச் சமையலறையில் சட்டியில் போட்டுச் சூடாக்க, வெடித்துவிட்டது. சமையலறையில் இருந்தது கேஸ் சிலிண்டர்கள். நல்லவேளை, பெரிய விபரீதம் நடக்கவில்லை.

பயிற்சி பெற்றவர்கள் இருக்கும் இடத்திலேயே இப்படி நடக்கிறது என்றால், பழைய இரும்புக் கடையில் வேலை பார்க்கும் பையனுக்கு எது காலி, எது உயிருள்ளது என்று எப்படித் தெரியும்? பிளாங்க் தோட்டாவில் குண்டு இருக்காது, ஆனால் மருந்து இருக்கும். ப்ரைமரில் ஊசி பட்டும் வெடிக்காமல் போன தோட்டாவும் மூட்டைக்குள் கலந்திருக்கலாம். அதை உருக்கும் உலையில் போட்டால் நடப்பதைச் சொல்ல வேண்டியதில்லை. வெடிக்காவிட்டாலும் ப்ரைமரில் மிச்சமிருக்கும் ஈயம் புகையாக நுரையீரலுக்குள் போகும்.

2004 செப்டம்பரில் உத்தரப் பிரதேசத்தின் காசியாபாத் பகுதியில் உள்ள உருக்காலையில், வெளிநாட்டிலிருந்து இறக்குமதியான பழைய இரும்பில் கலந்திருந்த பீரங்கிக் குண்டுகள் வெடித்துத் தொழிலாளர்கள் 10 பேர் இறந்தார்கள். அதன் பிறகுதான் இறக்குமதியாகும் கழிவு உலோகத்துக்குச் சோதனை விதிகள் கடுமையாகின. 2019 ஆகஸ்டில் காஞ்சிபுரம் மாவட்டம் மானாம்பதியில் கோயில் குளத்தைத் தூர்வாரியபோது கிடைத்த மர்மப் பொருளை இளைஞர்கள் பிரித்துப் பார்க்க முயன்றதில் வெடித்து உயிர்ப்பலி ஆனது. இலங்கையின் வன்னிப் பகுதியில் 2009-ல் போர் முடிந்த பிறகும், பழைய இரும்பு பொறுக்கப் போனவர்கள் வெடிபொருளில் சிக்கிய செய்திகள் வந்துகொண்டே இருந்தன.

எல்லாவற்றிலும் ஒரே பொது அம்சம்தான். சாவது ஆயுதம் வைத்திருந்தவர் இல்லை, அதைக் காசாக்க நினைத்த ஏழை.

தேனிக்கு இதில் என்ன சம்பந்தம்?

கம்பம் பள்ளத்தாக்கின் இரண்டு பக்கமும் மலை. ஒருபுறம் மேகமலை, 2021-ல் அறிவிக்கப்பட்ட ஸ்ரீவில்லிபுத்தூர்-மேகமலை புலிகள் காப்பகம். இன்னொருபுறம் கேரள எல்லை. காட்டை ஒட்டிய தோட்டங்களில் காட்டுப்பன்றி இறங்கினால் ஒரே ராத்திரியில் வாழையும் கிழங்கும் போய்விடும். பயிரைக் காப்பாற்ற விவசாயிக்கு என்ன வழி என்ற கேள்வி பல வருஷமாக ஓடுகிறது.

2025 ஜனவரியில் தமிழ்நாடு அரசு ஒரு முடிவை அறிவித்தது. காப்புக்காட்டிலிருந்து 1 கி.மீ. வரை காட்டுப்பன்றியைச் சுட அனுமதி இல்லை. 1 முதல் 3 கி.மீ. வரை பிடித்துக் காட்டில் விட வேண்டும். 3 கி.மீ.க்கு அப்பால் வந்தால் சுடலாம், ஆனால் சுட வேண்டியது வனத்துறையினர், விவசாயி அல்ல. கேரளாவில் 2022 முதல் உள்ளாட்சித் தலைவர்களுக்கே அனுமதி தரும் அதிகாரம் கொடுத்து, உரிமத் துப்பாக்கி உள்ளவர்களைப் பயன்படுத்துகிறார்கள். எல்லைக்கு அந்தப் பக்கம் ஒரு விதி, இந்தப் பக்கம் வேறு விதி.

இடைப்பட்ட இடத்தில்தான் நாட்டுத் துப்பாக்கியும் அவுட்டுக்காயும் புழங்குகின்றன. பயிர்ப் பாதுகாப்புக்காக வாய்வழி மருந்து கெட்டிக்கும் துப்பாக்கிக்கு உரிமம் தர ஆயுதச் சட்டத்திலேயே இடம் இருக்கிறது. உரிமம் இல்லாமல் கொல்லன் பட்டறையில் அடித்ததும் அதே ரகம்தான். இந்த வகைத் துப்பாக்கிக்குப் பித்தளை உறையே தேவையில்லை.

இதிலிருந்து ஒரு முக்கியமான விஷயம் தெரிகிறது. காட்டில் ஒரு ராணுவ ரக உறை கிடந்தால், அது பன்றி விரட்டப் போன விவசாயியுடையதாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. அதனால்தான் போலீஸ் உடனே உஷாராகிறது. 2007-ல் பெரியகுளம் அருகே முருகமலைக் காட்டில் மாவோயிஸ்ட் ஆயுதப் பயிற்சி என்று வழக்குப் பதிந்த மாவட்டம் இது என்பதும் அதற்கு ஒரு காரணம்.

உறை பேசும் சாட்சி

காலி உறைக்கு இன்னொரு முகமும் உண்டு. ஊசி அடித்த பள்ளம், உறையை இழுத்து வெளியே எறியும் கொக்கியின் கீறல், அடிப்பகுதி மோதிய தடம் என ஒவ்வொரு துப்பாக்கியும் உறையில் தன் கையெழுத்தைப் போட்டுவிடும். 1920-களிலிருந்தே ஒப்பீட்டு நுண்ணோக்கியில் 2 உறைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒரே துப்பாக்கியில் சுட்டதா என்று பார்க்கிறார்கள். உறையின் அடியில் தொழிற்சாலைக் குறியும் ஆண்டும் பொறிக்கப்பட்டிருக்கும். எங்கே தயாரானது என்பதை அது காட்டிக்கொடுக்கும்.

துப்பாக்கிச் சூடு நடந்த எந்த இடத்திலும் முதலில் தேடுவது இதைத்தான். 2023 அக்டோபரில் கூடலூர் அருகே வண்ணாத்திப்பாறை வனப்பகுதியில் வனத்துறையினர் சுட்டதில் விவசாயி ஒருவர் உயிரிழந்தார். 2021 டிசம்பர் 30-ல் புதுக்கோட்டை மாவட்டம் நார்த்தாமலை அருகே பசுமலைப்பட்டி பயிற்சித் தளத்தில் சிஐஎஸ்எஃப் பயிற்சி நடந்தபோது பாய்ந்து வந்த குண்டு, வீட்டில் இருந்த 11 வயதுச் சிறுவனின் தலையில் பாய்ந்தது. ஜனவரி 3-ல் அந்தச் சிறுவன் இறந்தான். இப்படிப்பட்ட சம்பவங்களில் யார் சுட்டது, எங்கிருந்து, எத்தனை முறை என்ற கேள்விகளுக்குப் பதில் தேடும்போது, வாய் வார்த்தை மாறலாம். உறையில் விழுந்த தடம் மாறாது.

அதனால்தான் சம்பவ இடத்தில் ஒருவர் ஆர்வத்தில் ஒரு உறையை எடுத்துப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டால்கூட, பாதிக்கப்பட்டவருக்குக் கிடைக்க வேண்டிய நியாயத்தின் ஒரு துண்டு காணாமல் போகிறது. மருந்தை மாற்றித் திரும்ப அடைத்த உறையில் பழைய தடத்தின் மேல் புதிய தடம் விழுந்து, கையெழுத்தே குழம்பிவிடும். வட மாநிலங்களில் கள்ளத்தனமாக நிரப்பிய தோட்டாக்கள் புழங்குவது பெரிய தலைவலி. புதுத் தோட்டா வாங்க வருபவர் பழைய உறையைத் திருப்பித் தர வேண்டும் என்ற நிபந்தனை உத்தரப் பிரதேசத்தில் வந்ததும் இதனால்தான்.

உறை கிடைத்தால் என்ன செய்ய வேண்டும்?

* தொட வேண்டாம், எடுக்க வேண்டாம், காலால் தள்ளவும் வேண்டாம். முனையில் குண்டு இல்லை என்பதால் அது காலி என்று அர்த்தமில்லை.
* இருக்கும் இடத்தைக் குறித்துக்கொண்டு 100 அல்லது 112-க்குப் போன் செய்யுங்கள். காட்டுக்குள் என்றால் வனத்துறையிடமும் சொல்லலாம்.
* குழந்தைகளை அருகே விடாதீர்கள்.
* தாத்தா காலத்துப் பெட்டியில் தோட்டா இருந்தால் எடைக்குப் போடவோ, அடுப்பில், குப்பைத் தீயில் போடவோ கூடாது. காவல் நிலையத்தில் தெரிவித்து ஒப்படைப்பதே பாதுகாப்பு.
* உரிமத் துப்பாக்கி வைத்திருப்பவர் என்றால், வாங்கிய தோட்டா, சுட்ட தோட்டா, மிச்சம் மூன்றுக்கும் கணக்கு வைத்திருங்கள். தேர்தல் நேரத்தில் துப்பாக்கியை ஒப்படைக்கும்போதும் உரிமத்தைப் புதுப்பிக்கும்போதும் அது கைகொடுக்கும்.
* பழைய இரும்புக் கடைக்காரர்கள், மூட்டையாக வரும் பித்தளையைக் கொட்டிப் பார்த்துவிட்டு எடை போடுவது நல்லது.

கணக்கு யாருக்காக?

தமிழ்நாட்டுக்கும் தோட்டாவுக்கும் நெருங்கிய உறவு உண்டு. நீலகிரியின் அரவங்காட்டில் நூறாண்டுக்கும் மேலாகத் தோட்டா மருந்து தயாராகிறது. திருச்சியில் ரைஃபிள் தயாராகிறது. 2021 அக்டோபரில் மத்திய அரசு ஆயுதத் தொழிற்சாலை வாரியத்தைக் கலைத்து 7 நிறுவனங்களாகப் பிரித்தபோது, இந்த ஆலைகளும் அவற்றில் சேர்ந்தன. அதாவது தோட்டா தயாராகும்போது கிராம் சுத்தமாகக் கணக்கு இருக்கிறது. கிடங்கிலிருந்து வெளியே போகும்போதும் பதிவேடு இருக்கிறது. ஓட்டை விழுவது கடைசிக் கட்டத்தில்தான், சுட்ட பிறகு.

அந்தக் கட்டத்தில் இன்னும் பல இடங்களில் வேலை நடப்பது கையாலும் கண்ணாலும்தான். புல்லுக்குள் தேடுவது, சாக்கில் போடுவது, நோட்டில் எழுதுவது. தேடிக் கிடைக்காத நாலு உறைக்கு எழுத்துப்பூர்வமாக விளக்கம் எழுதுவதைவிட, வெளியிலிருந்து நாலு உறை கொண்டுவந்து கணக்கை நேராக்குவது சுலபம் என்று ஒரு காவலருக்குத் தோன்றினால், காலி உறைக்குக் கள்ளச் சந்தை பிறந்துவிடுகிறது. கேரளாவில் போலித் தோட்டா வைத்ததும் இதே மனநிலைதான். தொலைந்ததைத் தொலைந்தது என்று எழுதினால் தண்டனை, மறைத்தால் தப்பிக்கலாம் என்ற நிலை இருக்கும்வரை எந்தப் பதிவேடும் உண்மை பேசாது.

ஆகவே தேவைப்படுவது கடுமையான சட்டம் மட்டுமல்ல, அது ஏற்கெனவே இருக்கிறது. பயிற்சித் தளத்தில் உறையைப் பிடிக்க விரிப்பும் வலையும், அங்கேயே எடை போட்டுச் சரிபார்க்கும் வசதி, உண்மையிலேயே தொலைந்த உறையைப் பயமில்லாமல் பதிவு செய்யும் நடைமுறை, கிடங்கில் சேர்ந்த உறைகளை வருடக்கணக்கில் மூட்டையாக வைக்காமல் உடனுக்குடன் நசுக்கி உருக்க அனுப்புவது. இவை பெரிய செலவும் இல்லை. பித்தளை திரும்பப் பித்தளையாகிவிட்டால், அது விளக்காகலாம், குழாயாகலாம், யாருக்கும் பயமில்லை.